நையாண்டிக் கதைகள் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். சில நையாண்டி நாவல்கள், அவற்றைவிட அதிகமாகச் சிறுகதைகள். வாசகர் சந்திப்புகளிலும் பள்ளிக்கூடத் தமிழ் மன்றங்களிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே ஒன்றாக வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். எழுதிப் பழகும் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியதால் சிறுகதை பற்றிய பதில்கள் நீண்டுவிட்டன.

கதை எழுத எங்கே படித்தீர்கள்?

ஒரு நொத்தாரிசு கந்தோரில், அதாவது காணிப் பத்திரங்களை எழுதிக் கொடுக்கிற அலுவலகத்தில். ஏ.எல். என்கிற உயர்தரச் சோதினை எடுத்த கையோடு டவுனில் ஒரு நொத்தாரிசிடம் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தேன். அறுதி உறுதி, நன்கொடை உறுதி, ஈட்டு உறுதி, சீதன உறுதி என்று நாள் முழுக்கக் காணி உறுதி அடிப்பதுதான் வேலை.

உறுதியில் அழகுக்கென்று ஒரு சொல்லும் போட முடியாது. யாழ்ப்பாணத்தில் காணிக்கெல்லாம் பெயர் உண்டு. அந்தப் பெயரில் தொடங்கி, எத்தனை பரப்பு, எத்தனை குழி, கிழக்கே ஒழுங்கையா வேறொருவர் வளவா, கிணற்றில் எத்தனையில் ஒரு பங்கு, அந்தக் கிணற்றுக்குப் போக வழி எது, தண்ணீர் ஓட வாய்க்கால் எது என்று எல்லாம் வந்தாக வேண்டும். 10 பேர்ச் ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர். ஒரு எல்லை விடுபட்டால் பேரப்பிள்ளைகள் காலம்வரை கோட்டில் வழக்கு நடக்கும். ஒரு பொருளை இருக்கிறபடி எழுதுவது எவ்வளவு கடினம் என்று எனக்குக் காட்டியது அந்த வேலை.

சீதன உறுதி எழுதுகிற நாளில் கந்தோர் நிறைந்துவிடும். இரண்டு பகுதியும் புது உடுப்போடு வருவார்கள். நொத்தாரிசு உறுதியை உரத்து வாசித்து விளங்கப்படுத்துவார். வாசிக்கும்போது தகப்பன்மார் பெரும்பாலும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். கையெழுத்து வைத்ததும் யாராவது சோடா வாங்கிக் கொடுப்பார்கள். 'நல்லாச் செய்து குடுத்தவர்' என்று ஊரில் அந்த மனிதருக்குப் பேர் வந்துவிடும். கொஞ்சக் காலம் போக, அதே மனிதர் மிச்சமிருக்கிற வளவை ஈடு வைக்க அதே வாங்கில் வந்து இருப்பார். அப்போது சோடா இல்லை, கூட வர ஆட்களும் இல்லை.

இந்த இரண்டு காட்சியையும் ஒரே மேசையில் இருந்து பார்த்த பிறகு எனக்குள் ஒரு கேள்வி தங்கிவிட்டது. ஒருவருடைய கௌரவத்துக்கு ஆகிற செலவை யார் கட்டுகிறார்கள்? நான் எழுதிய எல்லாக் கதையும் ஏதோ ஒரு விதத்தில் இந்தக் கேள்விதான்.

அப்படியென்றால் கந்தோருக்கு வந்தவர்களைத்தான் எழுதுகிறீர்களா?

இல்லை. ஒரு குடும்பத்தின் உறுதி நம்பிக்கையோடு நம்மிடம் தரப்படுவது. அதில் இருந்து ஒரு வரியும் என் கதைக்குள் வராது. உட்காரும் விதம், கதைக்கும் விதம், பேனையை வாங்கும் விதம், இவை ஊரில் எல்லோருக்கும் பொதுவானவை. அவற்றை எடுப்பேன்.

முதல் கதை எப்படி வந்தது?

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியபோது யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் பொன் விலை. பற்றரி இல்லை. சவர்க்காரம் கிடைப்பது பெரும்பாடு, பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தோம். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்துக் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எரிக்கிற விளக்கு அப்போது வீட்டுக்கு வீடு இருந்தது. அந்த வெளிச்சத்தில், கந்தோரில் பிழைத்துப்போன தாள்களின் பின்பக்கத்தில்தான் எழுதத் தொடங்கினேன். தாள் தட்டுப்பாடு என்பதால் ஒரு வசனத்தை மனதிலேயே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டு எழுதும் பழக்கம் வந்தது. இப்போது கணினியில் எழுதினாலும் அந்தப் பழக்கம் விடவில்லை, விடவும் விருப்பமில்லை.

கதை ஒரு சவர்க்காரத்தைப் பற்றியது. ஒரு தாய் ஒரே ஒரு லக்ஸ் கட்டியைத் துணியில் சுற்றி ட்ரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறாள். மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாளில் அதை எடுத்துக் கிணற்றடியில் வைக்கிறாள், 'எங்களுக்கு ஒரு குறையும் இல்லை' என்று காட்ட. வந்தவர்கள் சவர்க்காரத்தைக் கண்ட சந்தோசத்தில் ஒருவர் மாறி ஒருவராகக் கை கழுவுகிறார்கள், பிறகு முகம் கழுவுகிறார்கள், ஒரு கிழவர் தலைக்கும் போட்டுவிடுகிறார். தாய் குசினிக்குள் நின்று நுரையின் சத்தத்தைக் கேட்கிறாள். கடைசியில் காணி போதாது என்று சம்பந்தம் சரிவரவில்லை. அவர்கள் போன பிறகு கட்டியில் லக்ஸ் என்ற எழுத்து அழிந்துபோயிருக்கிறது. அதை வெயிலில் காயவைப்பவள் அந்த மகள், அடுத்த மாப்பிள்ளை வீட்டாருக்காக.

வாசித்தவர்கள் சிரித்தார்கள். அந்தக் கிழவர் தலைக்குப் போடும் இடத்தில் சத்தமாகவே சிரித்தார்கள். பிறகு வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள் உள்ள ஒரு அக்கா, 'உண்மைதான் பிள்ளை, என்ன செய்யிறது' என்று மட்டும் சொன்னா. சிரிப்பும் அந்த வார்த்தையும் ஒரே கதையில் இருந்து வந்ததில்தான் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

எங்கள் ஊரில் நக்கல் தெரியாத ஆளே இல்லை. நையாண்டி எழுத வேறு என்ன வேண்டும்?

யாழ்ப்பாணத்து நக்கல் பெரிய சொத்து, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தியில் நிற்கிற பொடியன் ஒரே சொல்லில் ஒருவருக்குப் பட்டம் வைத்துவிடுவான், அது மூன்று தலைமுறைக்கு நிற்கும். ஆனால் கவனித்துப் பாருங்கள், அந்தப் பட்டம் யாருக்குப் போய் விழுகிறது? காலை இழுத்து நடப்பவருக்கு, கறுத்த பெண்ணுக்கு, சோதினையில் பெயிலான பிள்ளைக்கு, வெளிநாடு போய் வெறுங்கையோடு திரும்பியவருக்கு. கோயில் வரவு செலவைக் காட்டாத பெரிய மனிதருக்குப் பட்டம் வைப்பதும் உண்டு, ஆனால் மெல்லிய குரலில்.

எழுதுகிறவர் இந்தத் திசையை மாற்ற வேண்டும். செலவைக் கட்டுகிறவரைப் பார்த்து வாசகர் சிரித்தால் கதை கெட்டது என்று நினைக்கிறேன். கட்ட வைக்கிறவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், கட்டுகிறவரின் பக்கத்தில் நின்று சிரிக்க வேண்டும். என் கதையை முடித்ததும் நான் செய்கிற முதல் சோதனை இதுதான்: எந்த இடத்தில் சிரிப்பு வருகிறது, அந்த இடத்தில் யாருக்கு நோகிறது.

ஒரு சிறுகதையை எப்படித் தொடங்குகிறீர்கள்?

ஒரு ஆள், அவருக்கு வேண்டிய ஒரு பொருள், அந்தப் பொருளின் விலை. இந்த மூன்றும் கையில் இல்லாமல் தொடங்குவதில்லை. விலை என்றால் காசு மட்டும் என்று எடுக்க வேண்டாம். ஒரு பெண் படிப்பை விட்டது விலை. ஒரு தம்பி கலியாணம் கட்டாமல் இருந்தது விலை.

நையாண்டி எழுதுகிற பிள்ளைகள் கருத்தில் இருந்து தொடங்குவதைப் பார்க்கிறேன். 'சீதனக் கொடுமையைச் சாடி ஒரு கதை' என்கிறார்கள். சாடுவது என்று முடிவெடுத்த பிறகு எல்லா ஆட்களும் மரப்பொம்மை ஆகிவிடுகிறார்கள். ஒரு உதாரணம் காட்டுகிறேன். பயிற்சிப் பட்டறைகளில் இப்படி ஒரு வசனத்தைக் கொடுப்பேன்:

'பேராசை பிடித்த மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரின் காணியை அபகரிக்கத் திட்டமிட்டார்கள்.'

இதில் பார்க்க ஒன்றுமே இல்லை. வாசகர் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போவார். இதையே இப்படி எழுதலாம்:

'மாப்பிள்ளையின் பெரியப்பா படலையைத் திறந்து வந்ததும் நேரே கிணற்றடிக்குப் போனார். வாளியை இறக்கி ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு, "உவர் இல்லை" என்றார். பிறகுதான் விறாந்தையில் ஏறிப் பெண்ணின் பேரைக் கேட்டார்.'

நம்முடையது சுண்ணாம்புக்கல் பூமி. ஆறில்லை, குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் கிணற்றுத் தண்ணீர்தான், பல இடங்களில் அது உவர்ந்துபோய்க் கிடக்கிறது. நல்ல தண்ணீர்க் கிணறு உள்ள காணிக்கு என்ன மதிப்பு என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆகவே பெரியப்பாவைப் பேராசைக்காரர் என்று நான் சொல்லவே தேவையில்லை. அதைவிட முக்கியம், அவர் செய்தது நியாயமான வேலை என்றும் தோன்றும். தண்ணீர் இல்லாத காணியில் அந்தப் பிள்ளைகள் எப்படிச் சீவிப்பது? இரண்டும் ஒரே செய்கைக்குள் இருக்கிறபோது கதைக்கு உயிர் வருகிறது.

இந்த மாதிரி ஒரு செய்கை கிடைக்கும்வரை காத்திருப்பேன். கிடைத்துவிட்டால் மிச்சக் கதை பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் வந்துவிடும். கிடைக்காமல் எத்தனையோ கதைகள் கொப்பியில் அப்படியே கிடக்கின்றன, அவற்றை நான் வற்புறுத்துவதில்லை.

நாவலில் சொல்வதைச் சிறுகதையில் சொல்ல முடியாதா?

நாவலில் ஒரு நிறுவனத்தையே நடக்கவிட்டுப் பார்க்கலாம். என் முதல் நாவல் ஒரு கோயில் தேர்த் திருப்பணிச் சபை பற்றியது. தலைவர், செயலாளர், பொருளாளர், அவர்களுடைய பிள்ளைகள், உபயகாரர், மேளக்காரர், வெடிக்காரர், ஒலிபெருக்கிக்காரர் என்று எல்லோருக்கும் இடம் வேண்டும். காசு ஒரு கையில் இருந்து மறு கைக்குப் போகும் வழி முழுவதையும் காட்ட வேண்டும். சிறுகதையில் அந்த வழியில் ஒரு கையைத்தான் காட்ட முடியும். எந்தக் கை என்று தெரிந்தெடுப்பதே வேலை. நான் எப்போதும் கடைசிக் கையைத்தான் எடுப்பேன், அதற்கு அப்பால் யாருக்கும் கொடுக்க முடியாதவருடையதை.

முடிவு எப்படி அமைப்பது? நையாண்டிக் கதை என்றால் கடைசியில் ஒரு அடி விழ வேண்டாமா?

கெட்டவர் கடைசியில் அவமானப்படுவது வாசகருக்குப் பிடிக்கும். ஆனால் ஊரில் அப்படி நடப்பது குறைவு. நடக்காத ஒன்றைக் கதையில் நடத்தி வைத்தால் வாசகரின் கோபம் அங்கேயே ஆறிவிடும். எனக்கு அந்தக் கோபம் வேண்டும். ஆகவே செலவு கட்டி முடிகிற இடத்தில் கதையை நிறுத்துவேன்.

நமது ஊரில் செத்தவரின் 31ஆம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்ற சிறு புத்தகம் அடித்துக் கொடுப்பது வழக்கம் என்று வாசகர்களுக்குத் தெரியும். தேவாரம், திதி வெண்பா, செத்தவரின் சீவிய வரலாறு, வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். கல்வெட்டைப் பற்றி ஒரு கதை எழுதினேன். மூத்த மகன் வெளிநாட்டில் இருந்து தொலைபேசியில் ஒவ்வொரு பக்கமாகச் சொல்லி எழுதுவிக்கிறார். கலர்ப் படம், வழவழப்பான தாள். 'கண்ணை இமை காப்பதுபோல் தந்தையைக் காத்த பிள்ளைகள்' என்று ஒரு வரி வருகிறது. உண்மையில் அந்தக் கிழவரைப் படுக்கையில் புரட்டிக் கழுவித் துடைத்தது பக்கத்து ஒழுங்கையில் இருந்து சம்பளத்துக்கு வந்த ஒரு பெண். கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கிறது என்று அச்சகத்துப் பொடியன் கேட்க, பந்தல் போட்டவர், ஒலிபெருக்கி கட்டியவர், சோடாப் போத்தல் தந்த கடைக்காரர் எல்லோருடைய பேரும் நன்றி நவிலலில் ஏறுகின்றன. அவளுடைய பேர் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

இதற்குப் பல முடிவுகள் யோசித்தேன். மகன் விசயத்தை அறிந்து வெட்கப்படுவது ஒன்று. அவள் சபையில் எழுந்து பேசுவது இன்னொன்று. இரண்டும் எனக்குப் பொய்யாகப்பட்டன. கடைசியில், பந்தி முடிந்து பாத்திரம் கழுவிவிட்டு வந்து அவள் ஒரு கல்வெட்டுக் கேட்கிறாள், ஐயாவின் படம் இருக்கிறதாம் என்று. 'முதல்ல வந்த ஆக்களுக்குக் காணுமோ பாப்பம்' என்கிறார்கள். அதோடு நிறுத்தினேன்.

வெளிநாட்டுக்காரரை ஏன் உங்கள் கதைகளில் கிண்டல் செய்வதில்லை?

அது மலிவான சரக்கு. ரொறொன்ரோவில் இருந்து சங்கிலியும் காப்பும் போட்டு வந்து இறங்குகிறவரைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். காசு எங்கே இருந்து வந்தது என்று பின்னால் போய்ப் பார்த்தால் சிரிப்பு வராது. ஊரில் எட்டடி மதில் கட்டுவதற்காகப் பாரிஸில் ஒரு உணவகத்தின் நிலத்தடிக் குசினியில் இரவிரவாகக் கோப்பை கழுவுகிற மனிதர் இருக்கிறார். அந்த மதில் யாருக்கு? ஊரில் இருக்கிற அண்ணருக்கு. 'தம்பி அனுப்பினவன்' என்று அண்ணர் மதிலைத் தட்டிக் காட்டுகிறபோது என் கதை தொடங்குகிறது. மதிலுக்குள் கிடுகுவேலி போய், கதியால் போய், பக்கத்து வீட்டுக்காரரோடு கதைக்கிற வேலிப் பொட்டும் போய்விட்டது. இதையெல்லாம் எழுதத்தான் வேண்டும். ஆனால் கோப்பை கழுவுகிற தம்பியை எல்லாவற்றுக்கும் காரணமாக்கி எழுதினால் அது அநியாயம்.

பெண் பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடுகிற சாமத்திய வீட்டை ட்ரோன் வைத்துப் படம் எடுப்பதைப் பற்றி எழுதும்போதும் இதே கணக்கைத்தான் பார்த்தேன். நடுவில் இருக்கிற பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் அவளைப் பார்த்து யார் என்ன சொன்னார்கள் என்பதில்தான் கதை இருந்தது.

யாராவது கோபித்தது உண்டா?

உண்டு, கனபேர். ஒருவருடைய கோபத்தை மட்டும் சொல்கிறேன், அது எனக்குப் பிரயோசனப்பட்டது.

டொனேஷன் கேட்கிற ஒரு மாமியாரைப் பற்றி எழுதியிருந்தேன். நமது ஊரில் காணி, நகைக்கு மேலால் மாப்பிள்ளை பகுதிக்குக் கையில் கொடுக்கிற காசுக்கு டொனேஷன் என்று பேர். கதை வந்து கொஞ்ச நாளில் வயதான ஒரு அம்மா வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தா. தேத்தண்ணி வேண்டாம் என்றா.

'பிள்ளை, அந்த மாமி காசு கேட்டதை எழுதியிருக்கிறீர். ஏன் கேட்டவ எண்டு எழுதேல்லை. நானும் மகனுக்குக் கேட்டு வாங்கினனான். வாங்கின காசு ஒரு கிழமைகூட என்ர கையில நிக்கேல்லை. மூத்தவளின்ர மாப்பிள்ளை வீட்டுக்கு அப்படியே போனது. என்ர தாலிக்கொடியும் அதோட போனது.'

அவ சொன்னது முழு உண்மை. மகனுக்கு வாங்குவது மகளுக்குக் கொடுக்க. அந்தக் காசு எந்த வீட்டிலும் தங்காமல் ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது, போகிற வழியெல்லாம் ஒவ்வொரு பெண்ணின் கழுத்தில் இருந்தும் எதையாவது கழற்றிக்கொண்டு. அவவின் அனுமதியோடு, ஆட்களை மாற்றி, ஒரே நோட்டுக்கட்டு நாலு வீடு போய் வருகிற கதை ஒன்று எழுதினேன். என் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அது.

போர்க்காலத்தில் நையாண்டி எழுத முடிந்ததா?

எல்லாவற்றையும் எழுத முடியவில்லை. துவக்கு வைத்திருக்கிற எவரையும் பற்றிச் சிரித்து எழுதுவது உயிரோடு விளையாடுகிற காரியம், எந்தப் பக்கத்துத் துவக்கானாலும். அந்தக் காலத்தில் வாய் திறக்காமல் இருந்தவர்களைக் கோழைகள் என்று இன்று இருந்துகொண்டு சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

பொது நூலகம் எரிந்த 1981இல் நான் பள்ளிக்கூடப் பிள்ளை. ஏறத்தாழ 97,000 புத்தகங்களும் ஏட்டுச்சுவடிகளும் போயின. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகைக் கந்தோரையும் கொளுத்தினார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி ஊரே போரில் இடம்பெயர்ந்து செம்மணி வழியாக நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தது. அந்த இரவைப் பற்றி நான் நையாண்டி எழுதியதில்லை, எழுதப் போவதுமில்லை. அதில் நான் பார்த்தவர்கள் எல்லோரும் செலவைக் கட்டுகிறவர்களாகவே இருந்தார்கள்.

சாதி பற்றி?

எழுதுகிறேன். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் தேத்தண்ணிக் கடைகளில் வேறு பாத்திரம் இருந்தது, 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒதுக்கப்பட்ட சாதி ஆட்கள் உள்ளே போகப் போராட வேண்டியிருந்தது. இப்போது கடையில் எல்லோருக்கும் ஒரே கிளாஸ். ஆனால் வீடு வாங்க வருகிறவரிடம் 'நீங்கள் எந்தப் பக்கம்?' என்று கேட்கிற கேள்வி அப்படியே இருக்கிறது.

எழுதும்போது ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். சாதிப் பேர் ஒன்று வந்து வாசகர் அதற்காகச் சிரிக்கிற மாதிரி ஒரு வரியும் வரக்கூடாது. கேட்கிற ஆளைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும்: எப்படிச் சுற்றி வளைக்கிறார், கோயிலின் பேரைக் கேட்டு, பள்ளிக்கூடத்தின் பேரைக் கேட்டு, கடைசியில் தாத்தாவின் தொழிலுக்கு எப்படி வந்து சேர்கிறார். செங்கை ஆழியானின் 'கொத்தியின் காதல்' பேய்களுக்குள்ளேயே சாதியை வைத்துக் காட்டிய நாவல். மனிதரிடம் பழகிப்போன அநியாயத்தைப் பேயிடம் பார்க்கும்போது அதன் அபத்தம் பளிச்சென்று தெரிகிறது. சாதி பற்றி நையாண்டி எழுத வருகிறவர்கள் அதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

பெண்ணாக இருந்துகொண்டு நையாண்டி எழுதுவது கஷ்டமா?

'பொம்பிளைப் பிள்ளைக்கு இந்த வாய் ஆகாது' என்று சொன்னவர்கள் இருந்தார்கள். ஆனால் எனக்கு எழுத விசயம் தந்ததும் பெண்களின் நிலைதான். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்தார்கள். அந்தச் சட்டத்தின்படி, கலியாணம் கட்டிய பெண் தன் சீதனக் காணியைத் தானே விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது, புருசனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். இன்றைக்கும் அதுதான். புருசன் சம்மதிக்காவிட்டால் கோட்டுக்குப் போக வேண்டும். காணி அவளுடையது என்று ஊர் முழுக்கச் சொல்லும், உறுதியும் அவள் பேரில்தான் இருக்கும். அந்த உறுதிகளை அடித்தவள் நான். இதை எழுத எனக்கு யாரிடமும் அனுமதி தேவைப்படவில்லை.

உரையாடலைப் பேச்சுத்தமிழில் எழுதுவது ஏன்?

ஆட்கள் அப்படித்தான் கதைக்கிறார்கள். வேறு ஊர் வாசகருக்கு ஒரு சொல் விளங்காவிட்டால் அடுத்த வரியில் விளங்கும்படி காட்சியை எழுதுவேன்.

முகநூலில் ஒரு மீம் போட்டால் போதுமே, சிறுகதை எதற்கு?

மீம் நல்லது, நானும் பார்த்துச் சிரிக்கிறேன். வேகமாகப் போய்ச் சேருகிறது. ஆனால் அதில் ஒரு ஆளுக்குத்தான் இடம். ஹெலிகொப்டரில் வந்து இறங்கும் மாப்பிள்ளை மீமுக்குள் அடங்குவார். ஹெலிகொப்டர் காற்றில் பந்தல் துணி பறந்து, அதைத் திரும்பக் கட்டக் கூலி இல்லாமல் நின்ற பொடியன் அடங்கமாட்டான். அவனுக்காகத்தான் சிறுகதை.

யாரை வாசிக்கச் சொல்வீர்கள்?

முதலில் சிரித்திரன் பழைய இதழ்கள். கரவெட்டியைச் சேர்ந்த சி. சிவஞானசுந்தரம் 1960களில் கொழும்பில் தொடங்கிப் பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்து நடத்திய சஞ்சிகை. சவாரித்தம்பர், மைனர் மச்சான், மிஸிஸ் டாமோடிரன் எல்லாம் அவர் வரைந்த ஆட்கள். மகுடி என்ற பேரில் வாசகர் கேள்விகளுக்கு அவர் எழுதிய பதில்களைப் படித்தால், ஒரு வசனத்தில் எவ்வளவு சொல்லலாம் என்று தெரியும். நூலகம் இணையத்தளத்தில் 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேர்த்து வைக்கிறார்கள், தேடிப் பாருங்கள்.

அப்புறம் செங்கை ஆழியானின் 'ஆச்சி பயணம் போகிறாள்'. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போகாத ஒரு ஆச்சி கதிர்காமம் போகிற கதை. ஆச்சியைப் பார்த்துச் சிரிக்கிறோம், ஆனால் அவளை ஒரு இடத்திலும் சிறுமைப்படுத்தவில்லை. நிர்வாக சேவையில் இருந்தவர் அவர், சாதாரண சனத்தை நாளாந்தம் மேசைக்கு எதிரே கண்டவர். அந்தப் பழக்கம் எழுத்தில் தெரிகிறது.

இலங்கையர்கோனின் 'வெள்ளிப் பாதசரம்' நையாண்டி இல்லை. இருந்தாலும் சிறுகதை எழுதுகிறவர்கள் மனப்பாடம் ஆகும்வரை படிக்க வேண்டும். வல்லிபுரக் கோயில் திருவிழாவில் ஒரு பாதசரம் தொலைகிறது, இளம் புருசனுக்கும் மனைவிக்கும் முகம் கோணிப்போகிறது. ஒரு சின்னப் பொருளில் ஒரு முழுக் குடும்பத்தை எப்படி நிறுத்தலாம் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

எழுத்தால் வருமானம் உண்டா?

இல்லை. புத்தகம் சில நூறு பிரதிதான் அடிப்போம், அச்சுக்கூலி பெரும்பாலும் எழுதியவர் தலையில். வெளியீட்டு விழாவில் முதற்பிரதி, சிறப்புப் பிரதி வாங்குகிறவர்கள் என்வலப்பில் தருவதுதான் கைக்கு வருவது. நான் கந்தோர் வேலையை விடாமல் இருந்ததற்கு அதுவும் காரணம்.

என் கதையை அனுப்பினால் வாசித்துச் சொல்வீர்களா?

வாசிப்பேன். ஒரு நேரத்தில் ஒரு கதை மட்டும் அனுப்புங்கள். அனுப்ப முன்னம் அதை வீட்டில் ஒருவருக்கு உரத்து வாசித்துக் காட்டுங்கள், கூடுமானால் எழுத்தாளர் இல்லாத ஒருவருக்கு. அவர் எந்த இடத்தில் சிரித்தார் என்று ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கதையில் ஒரு கலியாணம், ஒரு திருவிழா, ஒரு செத்தவீடு வந்தால், அதற்கு எவ்வளவு முடிந்தது, யார் கொடுத்தது என்று ஒரு தாளில் எழுதிக் கதையோடு சேர்த்து அனுப்புங்கள். அந்தக் கணக்குக் கதைக்குள் வரவேண்டும் என்றில்லை. கதையை எடுப்பதற்கு முன் நான் அந்தத் தாளைத்தான் பார்ப்பேன்.